வராத வெள்ளத்துக்கு வாங்கிய கம்பளிகள்

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் என் பிழைப்பு, நாடு நாடாக நிவாரணம் கொடுக்கும் தொண்டு நிறுவனங்களுக்குக் கணக்கு மென்பொருள் சொல்லிக்கொடுப்பது. ஒரு அலுவலகத்துக்கு மூன்று நாள். எங்கோ மழை பெய்தால் இங்கே நெஞ்சு பதறுகிற நல்ல மனிதர்கள். பற்று எந்தப் பக்கம், வரவு எந்தப் பக்கம் என்று கேட்டால் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள்.

அப்படி ஒரு அலுவலகம் டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. நான்கு கம்ப்யூட்டர், மூலையில் மடித்துக் கட்டிய கூடாரத் துணி, நாள் முழுக்க ரப்பர் வாசனை. கணக்கரின் பட்டப்பெயருக்கும் அந்த வாசனைக்கும் சம்பந்தமில்லை. பேரேட்டைப் பென்சிலில் எழுதி, மாதக் கடைசியில் ஒத்துப் பார்த்த பிறகுதான் பேனாவைத் தொடுவார். அதனால் ரப்பர் அக்கா.

முதல் கேள்வியே அவருடையதுதான்.

“தப்பா போட்டுட்டா எப்படி தம்பி அழிக்கிறது?”

“அழிக்க முடியாதுக்கா. எதிர்ப்பதிவு போட்டு நேர் பண்ணலாம். ஆனா ரெண்டுமே கணக்குல நிக்கும்.”

“அடப்பாவமே! இதுக்கு என் ரப்பரே தேவலையே.”

பழகுவதற்கென்று தனியாக ஒரு பயிற்சிக் கணக்கு உண்டு. அதில் என்ன கிறுக்கினாலும் கேட்பாரில்லை. மறுநாள் காலை நேரம் மிச்சமாகட்டும் என்று எல்லா கம்ப்யூட்டரிலும் அதை நானே திறந்து வைத்தேன். பிறகு ஒரு வெள்ளத்தைக் கற்பனையாக வரவழைத்தேன். நாலாயிரம் கம்பளி வாங்க வேண்டும். கடை பெயர்? வாயில் அப்பாவின் ஜவுளிக்கடைதான் வந்தது. அவர் போய், கடையும் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

“விலை முந்நூறு போடவா?” என்றார் அக்கா. “நாங்க வழக்கமா வாங்கறது அதான்.”

“முந்நூறா? எங்கப்பா நூத்தி அறுபதுக்கே கொடுத்து, அதுலயும் லாபம் பார்ப்பாருக்கா.”

எப்படி என்று கேட்டார்கள். சொன்னேன். அப்பா மில்லுக்குப் போனால் முதலில் சரக்கைப் புகழ்வார். பிறகு முதலாளியின் பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார். விலையைக் கேட்டதும் ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்குவார். மூன்றாவது படியைத் தாண்ட விட்டதில்லை, மேலேயிருந்து குரல் வந்துவிடும். வகுப்பே சிரித்தது. அக்கா சிரிக்காமல் நூற்று அறுபது என்று தட்டினார்.

பதினொரு நாள் கழித்து மேலாளரிடமிருந்து போன். கடல் தாண்டியிருக்கும் தலைமை அலுவலகம் கேட்டிருந்ததாம்: நாலாயிரம் கம்பளி கொடுக்கும் அளவுக்கு வெள்ளம் வந்திருக்கிறது, எங்களுக்கு ஏன் சொல்லவில்லை?

ஓடினேன். தலைமை அலுவலகத்து ஆடிட்டர் ஒருவர் விமானம் ஏறி வந்து உட்கார்ந்திருந்தார். மேஜையில் அக்காவின் அடுத்த வருஷ வேலை ஒப்பந்தம், கையெழுத்தில்லாமல்.

“உங்க கம்ப்யூட்டர்லேர்ந்துதான்க்கா போயிருக்கு,” என்றார் மேலாளர். “இதை வச்சுக்கிட்டு நான் எப்படி இதுல கையெழுத்துப் போடறது?”

அக்கா உள்ளங்கையில் ரப்பரை உருட்டிக்கொண்டிருந்தார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் கம்ப்யூட்டரில் மட்டும் அவசரத்தில் நிஜக் கணக்கைத் திறந்து வைத்திருக்கிறேன். வேறு யாருக்கும் அது தெரியாது. கையில் என்ன இருக்கிறது என்று முகம் சொல்லக் கூடாது என்பதைப் பேச்சு வருமுன்பே கற்கிற வீடு எங்களுடையது. கொடுத்த டீயில் பாதி குடிக்கும் வரை முகத்தைக் காப்பாற்றினேன். அதற்கு மேல் முடியவில்லை, டம்ளரைக் கீழே வைத்தேன்.

“சார், அதைத் திறந்து கொடுத்தது நான். அக்கா நான் சொன்னதைத்தான் தட்டினாங்க.”

மேலாளர் என்னைப் பார்த்தார். “அப்போ உங்க பில்லு?”

“பாதி கொடுத்தா போதும்.”

எதிராளி வாயைத் திறக்குமுன்பே நானாக விலையைக் குறைத்தது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். அப்பா இருந்திருந்தால் ஒரு வாரம் என்னோடு பேசியிருக்க மாட்டார்.

ஆடிட்டருக்கு எங்கள் பில்லில் அக்கறையில்லை. “வெள்ளம் பொய், சரி. இந்த நூத்தி அறுபது?” என்றார். “போன வருஷம் இதே ஆபீஸ் முந்நூறுக்கு வாங்கியிருக்கே. இந்தக் கடை எங்கே இருக்கு?”

“இப்போ இல்லை சார்,” என்றேன்.

“அப்போ விலையும் பொய்.”

“விலை பொய்யில்லை சார்.” ரப்பர் உருளுவது நின்றது. “தம்பி சொன்னதுலேர்ந்து மனசு கேக்கலை. போன வாரம் மூணு இடத்துல விசாரிச்சேன். ஒருத்தர் இருநூறு, ஒருத்தர் நூத்தித் தொண்ணூறு.”

“மூணாமவர்?”

“அவரும் நூத்தித் தொண்ணூறுதான் சொன்னார். செருப்பை மாட்டிக்கிட்டுப் படியிறங்கினேன். நூத்தி அறுபத்தெட்டு.”

“எத்தனாவது படிக்கா?” என்னால் அடக்க முடியவில்லை.

“அஞ்சாவது. எனக்கு உங்கப்பா அளவுக்குப் பழக்கமில்லை பாருங்க.”

ஆடிட்டர் முதலில் சிரித்தார், பிறகு மேலாளரைப் பார்த்தார். பார்க்கும்போது சிரிப்பில்லை. ஒப்பந்தத்தை அவர் பக்கமாக நகர்த்தினார். “கையெழுத்துப் போடுங்க. இனிமே விலை விசாரிக்கிறதும் இவங்களே பார்க்கட்டும்.”

அன்று மாலை நானும் அக்காவும் எதிர்ப்பதிவு போட்டு வெள்ளத்தை வடிய வைத்தோம். அப்பாவின் கடையை மட்டும் பட்டியலிலிருந்து எடுக்க முடியவில்லை. ஒரு தடவை கணக்கில் ஏறிய கடையை அந்த மென்பொருள் விடாது. ‘செயலில் இல்லை’ என்று குறித்து வைக்கத்தான் சம்மதிக்கும். பெயர் சாம்பல் நிறமானது. அதன்பின் எத்தனையோ வருஷம், பழுது பார்க்கப் போகும்போதெல்லாம், தேவையோ இல்லையோ, அந்தப் பட்டியலைத் திறந்து ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

போன மாதம் அக்கா கூப்பிட்டார். ஓய்வு பெற இன்னும் சில வாரம்தான்.

“வேற மென்பொருளுக்கு மாத்தறாங்க தம்பி. செயல்ல இல்லாத கடையெல்லாம் புதுசுல ஏத்த வேண்டாமாம்.”

“விட்டுடுங்கக்கா. அழிக்கிறதுக்கு உங்களுக்கா சொல்லித்தரணும்?”

“கை வரலை. ஏத்திட்டேன்,” என்றார். “இதுல முகவரி இல்லாம விட மாட்டேங்குது. என்ன போடறது, சொல்லுங்க.”

கதவு எண்ணிலிருந்து ஆரம்பித்து எதிரே இருந்த பூட்டுக்கடை வரைக்கும் சொன்னேன். அந்தப் பக்கம் அக்கா ஒவ்வொன்றாகத் தட்டுவது கேட்டது.