ஏலக்காய் மாலை

நோர்வேயின் தேசிய தினத்துக்கு லண்டனுக்கு ஓர் அமைச்சர் வருகிறார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து நவரத்தினத்தைப் பிடிக்க முடியவில்லை. மே பதினேழாம் திகதி வந்தால் அந்த நாட்டு அமைச்சர்மாரில் சிலர் வெளிநாடுகளுக்குப் போய், தங்கள் நாட்டின் பெருமையைச் சொல்லி, முடிந்தால் கொஞ்சம் மீனுக்கும் விலை பேசிவிட்டு வருவார்கள். இந்த முறை வருகிறவர் வடக்குக் கரையைச் சேர்ந்த பெண்மணி. அந்தக் கரையில், அவருடைய ஊருக்குப் பக்கத்து ஊர் மீன் தொழிற்சாலையில்தான், லண்டனுக்கு வருமுன் நவரத்தினமும் மனைவி நகுலேஸ்வரியும் வேலை செய்தார்கள்.

யாழ்ப்பாணத்து மனுசனுக்கு அமைச்சர் என்றால் மாலை போட்டாக வேண்டும். பின்னேரங்களில், லண்டன் புறநகரான சட்டனில் தங்கள் வீட்டுக் குசினியில் குந்தியிருந்து, ஏலக்காயை ஊசியில் கோத்து மாலை கட்டினார். பாயசத்துக்கு வைத்திருந்ததெல்லாம் அதோடு போயிற்று. மாலை விழுந்தால் பின்னாலேயே ஒரு விண்ணப்பமும் வரும் என்பது ஊரறிந்த சங்கதி. நோர்வே நடுவில் நின்று நடத்தும் இலங்கைச் சமாதானப் பேச்சைப் பற்றியா, மருமகப் பெடியனின் விசாவைப் பற்றியா என்று நகுலேஸ்வரி துருவிப் பார்த்தாள். "பொறுமப்பா" என்று அவர் சொன்னதோடு சரி.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கரையை நினைத்தால் அவளுக்கு அமைச்சரும் மீனும் ஞாபகம் வருவதில்லை. தேவாலயத்துக்குப் பின்னால், கடலைப் பார்த்த சரிவில், பிறந்த மாதமே போய்விட்ட பிள்ளையை மண்ணுக்குள் விட்டுவிட்டு வந்தவள் அவள். கோயில், தமிழ்ப் பள்ளிக்கூடம், சொந்தபந்தம் என்று காரணம் அடுக்கி லண்டனுக்குக் கூட்டிவந்த மனுசன், இந்த ஒன்பது வருடத்தில் ஒருநாளும் பிள்ளையின் பெயரை வாயில் எடுத்ததில்லை. மறந்துவிட்டார் என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். மன்னிக்கவும் இல்லை.

அன்று விழா நடந்த பூங்கா நிறைய நோர்வேக் கொடிகள். நவரத்தினம் சூட் போட்டு, மாலைப் பையோடு வாசலில் போய்க் காவல் நின்றார். முன்னும் பின்னும் பொலிஸ் வண்டி வரும், சைரன் கேட்கும், பாய்ந்துபோய்ப் போட்டுவிடலாம் என்பது அவருடைய எண்ணம். நகுலேஸ்வரி ஐஸ்கிரீம் வரிசையில் நின்றாள்.

முன்னால் நின்ற பெண் கதை கொடுத்தாள். மற்றப் பெண்களைப் போலவே பூவேலை செய்த கம்பளிப் பாவாடை. பாதி மறந்த நோர்வே மொழியில் நகுலேஸ்வரி பதில் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. இது எங்கள் பக்கத்துப் பேச்சல்லவா என்றாள். இருவரும் ஐஸ்கிரீம் வாங்கிய கையோடு, அமைச்சரை மேடைக்கு வரும்படி ஒலிபெருக்கி அழைத்தது. அந்தப் பெண் தன் ஐஸ்கிரீமை நகுலேஸ்வரியிடம் நீட்டி, கொஞ்சம் பிடியுங்கள், வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் மேடையில் ஏறினாள்.

பேச்சு முடியும் நேரத்தில் நவரத்தினம் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சைரன் ஒண்டும் கேக்கேல்லையே?"

"இது அவவின்ர ஐஸ்கிரீம்," என்றாள் நகுலேஸ்வரி.

உருகினதை வாங்க அமைச்சர் திரும்பி வந்தார். நவரத்தினம் மாலையை எடுத்ததும் அமைச்சர் சிரித்தபடி தலை குனிந்து அதைக் கழுத்தில் வாங்கிக்கொண்டார். எங்கள் வீட்டில் ஏலக்காய் போட்டுச் சுடும் பணிஸின் வாசம் என்று மாலையை முகர்ந்தார். நவரத்தினம் கைகட்டி நின்றார். விண்ணப்பம் வரப்போகிறது என்று நகுலேஸ்வரி நிலத்தைப் பார்த்தாள். அவர் பாடமாக்கி வைத்திருந்த நோர்வே மொழியில் தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

"குறை நினைக்கக் கூடாது, மாலை உங்களுக்கில்லை. உங்கள் பக்கத்து ஊர்த் தேவாலயத்துக்குப் பின்னால் எங்கள் பிள்ளை இருக்கிறான். ஊருக்குப் போகும்போது அவனுக்குப் போட்டுவிடுவீர்களா? பூ என்றால் வாடிவிடும்."

அமைச்சர் மாலையை மெல்லக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். நானே கொண்டுபோவேன் என்றார். பிள்ளையின் பெயரைக் கேட்டார். நகுலேஸ்வரி நிமிர்ந்து புருசனைப் பார்த்தாள்.

"சயந்தன்," என்றார் நவரத்தினம்.

அமைச்சர் போனபிறகும் அவள் அந்த இடத்திலேயே நின்றாள். ஐஸ்கிரீம் முழங்கைவரை வழிந்திருந்தது. நவரத்தினம் சூட் பையிலிருந்து லேஞ்சியை எடுத்துத் துடைத்துவிட்டார்.

"இவ்வளவு காலமும் ஏன் அவன்ர பேரைச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் அழுவீர் எண்டு பயந்தனான்."

"நீங்கள் சொல்லேல்லை எண்டுதான் நான் அழுதனான்."

அவர் அவளுடைய கையைத் துடைத்தபடியே, இன்னொரு தரம் அந்தப் பெயரைச் சொன்னார்.