டிக் டிக் போன கார்

மனித இனம் செய்த தவறுகளிலேயே பெரியது, காரோடு கம்பெனி கொடுக்கும் ஸ்டீரியோவை அப்படியே கேட்டுக்கொண்டு சும்மா இருந்ததுதான் என்று எவரிஸ்தோ அறிவித்தான். போர், பஞ்சம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். சான் அன்டோனியோவின் மேற்குப் பகுதியில், லாலோவின் கார் ஸ்டீரியோ கடை வாசலில், வாய் நிறைய டாக்கோவோடு அவன் இதை அறிவித்ததால் கொஞ்சம் சல்சா சட்னியும் சேர்ந்து தெறித்தது.

காரின் முன்பக்கத்தைப் பிரித்துப் போட்டிருந்த லாலோ தலையை வெளியே நீட்டினார்.

"தம்பி, ஒரு விஷயம். இண்டிகேட்டர் போட்டா டிக் டிக்னு கேக்குதில்ல, இந்த வண்டியில அது ஸ்டீரியோ வழியாத்தான் வருது. இதக் கழட்டினா அதுவும் போயிடும். இந்தச் சின்ன டப்பாவ மாட்டினா திரும்ப வந்துடும்."

"டிக் டிக்கா? நான் என்ன தொட்டில்லயா கெடக்கேன், கிலுகிலுப்ப ஆட்ட?"

"உன் வண்டி, உன் காது," என்று லாலோ மறுபடி உள்ளே போனார்.

டப்பாவுக்கான காசில் டிக்கியிலிருக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கர் ஒரு சைஸ் பெரிதானது. பாட்டைப் போட்டதும் கடை ஷட்டர் நடுங்கியது. எதிர்ச்சாரியில் படுத்திருந்த நாய் எழுந்து அடுத்த தெருவுக்குக் குடிபோனது. பழைய ஸ்டீரியோவை எவரிஸ்தோ செருப்புப் பெட்டியில் வைத்து, வீட்டுக்குப் பின்னால் புதைத்து, குச்சியில் சிலுவையும் நட்டான். இரங்கல் உரை மட்டும் கொஞ்சம் நீண்டுவிட்டது.

இதில் அவன் மறந்த ஒரே ஆள் அம்மா பெலேன். ஊரின் அந்தக் கோடியில் ஒரு பேக்கரி அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. விடியுமுன் அடுப்பு மூட்ட வேண்டும். அந்நேரத்துக்கு பஸ் கிடையாது. லைசென்ஸ் இருந்தால் வேலை, இல்லையென்றால் வேறு ஆள். ஏற்கெனவே ஒரு முறை இண்டிகேட்டரை மறந்து தோற்றிருந்தாள். வரும் செவ்வாய்க்கிழமை மறு தேர்வு, இதே காரில்.

அன்று சாயங்காலம் பழக உட்கார்ந்தவள், இண்டிகேட்டரைத் தட்டிவிட்டுக் காத்திருந்தாள்.

"என்னடா இது, செத்துப்போச்சா?"

"எரியுதும்மா. அந்த அம்பு மினுங்குது பாரு."

"நான் ரோட்டப் பாக்கவா, அம்பப் பாக்கவா? சத்தம் கேட்டாத்தான்டா எனக்குக் கையே ஓடும்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்தாள். டிக். டிக். டிக். வண்டி அழகாக இடப்பக்கம் திரும்பியது. சக்கரம் நேரானதும் நாக்கு நின்றது.

"அம்மா, உள்ள பல்லி எதுவும் பூந்துடுச்சா?"

"வாய மூடிட்டு வாடா."

மறுநாள் கல்லூரி கேன்டீனில் எவரிஸ்தோ ஒரு தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் போலவே டிக் டிக் செய்து காட்டினான். நல்ல கைதட்டல். கேட்டவர்களுக்காக இன்னொரு முறையும் செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் ஏரியைச் சுற்றிக் காரில் ஊர்வலம் போனான். ஊர் மொத்தமும் அவனையே பார்த்தது. சிலர் கை காட்டினார்கள், பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். எவரிஸ்தோ கூலிங் கிளாஸோடு தலையை லேசாகத் தாழ்த்தி நன்றி சொன்னான், சத்தத்தையும் கூட்டினான். தெருவைக் கடக்க நின்ற ஓர் அம்மாள் மட்டும் பானெட்டில் பளாரென்று ஒன்று வைத்தாள்.

"திரும்பப் போறியா இல்லியாடா? எத்தன சுத்து சுத்துற! அந்த வலது லைட்ட நம்பி நானும் நிக்கேன், நிக்கேன்!"

ஏரிக்கு வரும் வழியில் லேன் மாறும்போது போட்ட இண்டிகேட்டர் அது. அன்று மதியத்திலிருந்து மினுங்கிக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை கடை திறக்குமுன்னே லாலோவின் வாசலில் நின்றான்.

"அந்த டப்பா... எனக்கில்லண்ணே. அம்மாவுக்கு."

"ஆமாமா, உனக்கெதுக்கு? நீதான் தொட்டில விட்டு எறங்கியாச்சே. இருந்தத வித்துட்டேன், இனி ஆர்டர் போட்டா வெள்ளிக்கிழமை வரும்."

தேர்வோ நாளைக்கு.

மறுநாள் லைசென்ஸ் ஆபீஸ் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எவரிஸ்தோ நகத்தைக் கடித்தான். சிடுசிடு முகத்தோடு ஓர் அதிகாரி அம்மாவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து போனாள். திரும்பி வந்தபோது அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அம்மா கையில் ஒரு காகிதம்.

"பாஸ்டா!"

"வாயால டிக் டிக் பண்ணினியா?"

"பின்ன? அந்தம்மா, 'இது என்ன சத்தம்'னு கேட்டா. 'சிக்னல்ங்க'ன்னேன். 'வாயாலயா'ன்னா. 'எம்மகன் வண்டிக்கு ஒசத்தியான சவுண்டு வெச்சிருக்கான், அதுல இது மட்டும் வராது'ன்னேன். அப்புறம் ஒரு திருப்பம் விடாம அவளும் கூடச் சேந்து எண்ணிட்டே வந்தா."

நீயே ஓட்டு என்று சாவியைக் கொடுத்துவிட்டாள்.

வழக்கம்போல சப்வூஃபர் அதிர, எவரிஸ்தோ வண்டியை எடுத்தான். வீட்டுத் தெரு வந்தது. இடப்பக்கம் திரும்ப வேண்டும். இண்டிகேட்டரைத் தட்டினான். ஒரு நொடி தயங்கினான். பிறகு பாட்டின் சத்தத்தைக் குறைத்தான், இன்னும் கொஞ்சம் குறைத்தான், அடியோடு நிறுத்தினான், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டினான்.

டிக். டிக். டிக்.

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கியது.