முன்னூற்றுப் பன்னிரண்டு மன்னிப்புகள்

கல்கத்தாவில் கிதிர்பூர் முதல் காளிகாட் வரை வசிக்கும் சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வுபெற்ற ஜனாப் நெய்னா முகம்மது அவர்கள் இவ்வாண்டு ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறார்கள்.

புறப்படுமுன் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டுமே. கேட்டார். வாட்ஸப்பில், ஒரே தட்டலில், முன்னூற்றுப் பன்னிரண்டு பேரிடம்: "அறிந்தோ அறியாமலோ நான் செய்த பிழைகளைப் பொறுத்தருளவும்." கூப்பிய கைகள் வந்து குவிந்தன. பாவம் இத்தனை சல்லிசாகக் கழியும் என்று தெரிந்திருந்தால் இன்னும் நாலு செய்திருக்கலாமே என்றுகூடத் தோன்றியது.

சாந்த்ராகாச்சியிலிருந்து ராஜ்மோகன் மட்டும் எழுத்தில் பதில் போட்டிருந்தார்.

"அறிஞ்சு செஞ்சது எது பாய்?"

நெய்னாவுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் யார்டில் இவர் தூங்கிப்போக, சரக்கு வண்டி ஒன்று மூன்று மணி நேரம் நின்றது. கூட வேலை பார்த்த ராஜ்மோகன் குடித்துவிட்டுக் கிடந்ததாக டீக்கடையில் கதை கட்டிவிட்டார். மோருக்கு மேல் எதையும் அறியாத மனுஷனுக்கு அன்று விழுந்த 'பாட்டில் மோகன்' என்ற பெயர் பென்ஷன் வாங்கிய பிறகும் போகவில்லை.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தார். தனக்குச் செய்த குற்றத்தை அல்லாஹ் மன்னிப்பான், மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும் என்று ஹஜ்ரத் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். அந்த ஒருவர் மன்னிக்காவிட்டால் ஹஜ் வெறும் விமானப் பயணம்தானா என்ற பயம் பிடித்துக்கொண்டது.

பஸ் ஏறி சாந்த்ராகாச்சி போனார். ராஜ்மோகன் டீ கொடுத்தார். கோபப்படவில்லை.

"நான் எப்பவோ விட்டுட்டேன் பாய். ஊருதான் விடல. அவங்க காதுல போட்டது நீங்கதான, நீங்களே எடுத்துருங்க."

நெய்னா தன் வழியனுப்பு விருந்துக்கு அவரைக் கூப்பிட்டுவிட்டு, டீயைக் குடிக்காமலே திரும்பினார்.

விருந்தில் அதே பழைய யார்டுக் கூட்டம். நெய்னாவின் கழுத்தில் மூன்று மாலை. ராஜ்மோகன் நுழைந்ததும் ஒருவர், "பாட்டில் வந்தாச்சு," என்றார். சிரிப்பு அடங்குமுன் நெய்னா எழுந்து மாலைகளைக் கழற்றினார்.

"மோகன் குடிச்சதே இல்ல. அன்னிக்குத் தூங்குனது நான். பழிய அவர் மேல போட்டதும் நான்தான்."

ராஜ்மோகன் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"பசிக்குது பாய்."

நெய்னாவுக்கு மூச்சு திரும்பியது. ஊர் இந்த நாளைத் தலைமுறைக்கும் மறக்காது என்று நினைத்துக்கொண்டார்.

கடைசிப் பந்தியில், கல்கத்தா பிரியாணிக்கு உயிரான உருளைக்கிழங்கு தீர்ந்துபோனது. ஊர் இன்றுவரை அதைத்தான் பேசுகிறது.