சூடாக இருந்த கால்

1

இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. புகார் மனு எழுதத்தான் உட்கார்ந்தேன். "நீதான் பெரிய எழுத்தாளனாச்சே, அந்த நர்ஸுக்கு வேலையே போற மாதிரி எழுதுடா" என்றாள் அக்கா. எழுத எழுத மனு கெட்டுப்போனது. கெட்டுப்போன மனுதான் இப்போது உங்கள் கையில் இருக்கிறது, வாசகரே.

2

முதல் தொடக்கம்: 'பணியில் அலட்சியமாக இருந்த செவிலியர் ஒருவரால் ஒன்பது வயதுச் சிறுமியின் கால்...'

அடித்துவிட்டேன். முதல் வரியிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டால் பிறகு விசாரிக்க என்ன இருக்கிறது?

நடந்தது இது. காய்ச்சலில் அக்கா மகளின் இதயத் தசை வீங்கிவிட்டது. இதயமும் நுரையீரலும் செய்யவேண்டிய வேலையை ஓர் இயந்திரம் செய்தது. அதன் தடித்த குழாயைத் தொடையிலுள்ள ரத்தக்குழாயில் செருகியிருந்தார்கள். அது வழியை அடைத்துக்கொள்ளும் என்பதால், கீழே காலுக்கு ரத்தம் போக இன்னொரு மெல்லிய குழாய். அந்த மெல்லியதில் ரத்தம் உறைந்துவிட்டது. யாரும் கவனிப்பதற்குள் பாதம் வெளுத்துப்போனது.

பிள்ளை பிழைத்துவிட்டாள். இதயம் தானாகத் துடிக்கிறது. கால் விரல்கள் மட்டும் கறுத்திருக்கின்றன. கறுப்பு எதுவரை ஏறுகிறது என்று பார்த்துத்தான் வெட்டவேண்டும் என்கிறார் மருத்துவர்.

(இங்கே ஓர் உவமை எழுதியிருந்தேன். வெட்கமாக இருந்தது, எடுத்துவிட்டேன்.)

3

நர்ஸை நான் நம்பவில்லை. அதிகம் பேசாதவர்களைக் கதை எழுதுகிறவன் நம்பக் கூடாது. நேற்று மருத்துவமனை வாசலில் என்னை நிறுத்தி ஒரு பையை நீட்டினாள். உள்ளே ஒரு ஜோடி சாக்ஸ்.

"பாப்பா கால்ல இருந்துது சார். கால் எப்பவும் கண்ணுல படணும், எதுவும் போடாதீங்கன்னு சொல்லியிருந்தோம். அம்மா போட்டுட்டாங்க."

"நீங்க ஏன் கழட்டிப் பாக்கல?"

"ஒவ்வொரு தடவையும் நிறம் பாத்து, தொட்டுப் பாத்துட்டுதான் இருந்தேன். அந்தத் தடவை பக்கத்துப் படுக்கையில அலாரம் அடிச்சுது. அவசரத்துல சாக்ஸ் மேலயே தொட்டேன். சூடா இருந்துது. போயிட்டேன்."

"இதை மேல சொன்னீங்களா?"

"என் தப்பைச் சொல்லிட்டேன். அவங்க செஞ்சதைச் சொல்லல. பெத்தவங்க சார்."

பிள்ளைக்குப் பொருந்தும் சாக்ஸ் இல்லை அது. குதிகாலில் கறுப்பு நூலால் தைத்திருந்தது. அக்காவின் தையல். அந்தக் குளிர் அறையில் தன் காலிலிருந்து அப்போதுதான் கழற்றி மகளுக்கு மாட்டியிருக்கிறாள். நர்ஸ் தொட்ட சூடு அக்காவுடையது.

[இந்த வரி இவ்வளவு நன்றாக வந்ததே எனக்குச் சந்தேகம். வேலைக்கு ஆபத்து வந்தவள் சொன்னது. சாக்ஸை எங்கிருந்து வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம்.]

4

அதனால் அக்காவிடமே கேட்டேன்.

"உன் சாக்ஸ் எங்கக்கா?"

"தொலைஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரியில எதுதான் தொலையல?" பதில் சட்டென்று வந்தது. பிறகு, நான் கேட்காமலேயே, "கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திட்டு அந்த நர்ஸையே பாத்துட்டு இருந்தேன்டா. அவ பிள்ளை காலைப் பாக்கவே இல்ல" என்றாள்.



5

முடிவு அ: சாக்ஸை மனுவோடு சேர்த்து அனுப்புகிறேன். நர்ஸ் தப்பிக்கிறாள். மகள் நடக்கும்போதெல்லாம் அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

முடிவு ஆ: சாக்ஸைக் குப்பையில் போடுகிறேன். நர்ஸுக்கு வேலை போகிறது.

முடிவு இ: அக்காவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததால்தான் இந்த மனுவே. அதைத் தன் கையால் எழுதாமல் என்னை...

குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். குற்றம் பார்க்காமல் மனு எப்படி எழுதுவது?

அக்கா வந்துவிட்டாள். எதிரே உட்கார்கிறாள். மேசைமேல் பை திறந்து கிடக்கிறது. தைத்த குதிகால் வெளியே தெரிகிறது. அவள் அதைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க எவ்வளவு பாடுபடுகிறாள் என்பது எனக்குத் தெரிகிறது.

"முடிச்சிட்டியாடா? எங்கே, படிச்சுக் காட்டு."

முழுதும் படித்தவர் நீங்கள் ஒருவர்தான். சொல்லுங்கள், எந்தப் பகுதியை விட்டுவிட்டுப் படிக்கட்டும்?