பதினோரு நாள் கோதுமை

மாவு பிசைந்து அரை மணி நேரமாகிவிட்டது. அருள்செல்வி இன்னும் ஒரு சப்பாத்திகூடத் தேய்க்கவில்லை. குழவியைக் கையில் பிடித்துக்கொண்டு, கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதும் மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அனிட்டாவுக்கு ஒன்பது வயது. பார்த்தவர்கள் ஆறு என்பார்கள்.

எல்லாம் பல்லில் ஆரம்பித்தது. பால்பல் விழுந்து முளைத்த முன்பற்கள் நாலும் சுண்ணாம்பாய் வெளுத்து, குறுக்கே பழுப்புக் கோடு ஓடி, ஓரம் உதிர்ந்துகொண்டிருந்தன. மிட்டாய் தின்ற பலன் என்று அருள்செல்வி திட்டாத நாளில்லை. கோபத்தில் உப்பைப் போட்டுத் தேய்த்தும் விட்டிருக்கிறாள், மகராசி. நீடாமங்கலத்துப் பல் டாக்டரம்மா வாய்க்குள் வெகுநேரம் பார்த்தார்.

“இது சொத்தை இல்லங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கோடு பாருங்க. எனாமல் உருவாகுற வயசுலயே உடம்புல சத்து ஒட்டல. பாப்பாவுக்கு அடிக்கடி வயித்தால போகுமா?”

போகும். வயிறு உப்பும். அதற்காகத்தானே சத்துமாவு! ரேஷன் கோதுமையைக் கழுவிக் காயவைத்து, வறுத்து அரைத்து, குழந்தை பால் மறந்த நாளிலிருந்து இரண்டு வேளையும் காய்ச்சி ஊற்றியவள் அவள்தான்.

டாக்டரம்மா அனுப்பிய தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். கோதுமை இந்தக் குழந்தைக்கு ஆகாதது போலத் தெரிகிறது, சீலியாக் என்று பெயர் என்றார் பெரிய டாக்டர். அறுவடை மெஷின் ஓட்டும் கணவன் கிளாட்சன், “நெல்லு வெளையிற ஊர்ல கோதுமையால ஒரு வியாதியா?” என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

“குடல்ல கேமரா விட்டுப் பார்த்துதான் உறுதியா சொல்ல முடியும். அதுக்குப் பதினோரு நாள் இருக்கு. அதுவரைக்கும் தினமும் கோதுமை குடுங்க. நிறுத்திட்டா குடல் ஆற ஆரம்பிச்சுடும், டெஸ்ட்ல ஒண்ணும் தெரியாது. பயப்படாதீங்க, பதினோரு நாள்ல ஒண்ணும் ஆயிடாது” என்றார் டாக்டர்.

ஒன்றும் ஆகாது என்ற பேச்சை அருள்செல்வி முன்பே ஒரு தரம் கேட்டிருக்கிறாள். அவளுடைய அண்ணன் லூர்துராஜ் ஏழு வயதில் போய்ச் சேர்ந்தான். பானை வயிறு, குச்சிக் கால். மாந்தம் என்றார்கள். அரிசி சேராது என்று அம்மா கடைசிவரை கோதுமைக் கஞ்சியாகவே ஊற்றினாள். அண்ணன் சிரித்தால் முன்பல்லில் குறுக்கே பழுப்புக் கோடு தெரியும். பல் டாக்டரம்மா கோடு என்று சொன்னபோதே பற்றிக்கொண்ட பயம் இன்னும் விடவில்லை.

அதனால் வீட்டுக்கு வந்ததும் கோதுமையை நிறுத்திவிட்டாள். மூன்று நாள் வெறும் சோறும் இட்லியும். போனில் நர்ஸ் கேட்டபோது, “குடுத்துட்டுதாங்க இருக்கேன்” என்று கூசாமல் சொன்னாள். அனிட்டாவுக்கு வயிறு உப்பவில்லை. நேற்று இரண்டாம் தரம் சோறு கேட்டாள்.

அதைப் பார்த்துப் பூரித்த மனசு, ராத்திரி படுத்ததும் வேறு பக்கம் நடுங்கியது. டெஸ்டில் ஒன்றும் தெரியாவிட்டால்? பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பிறகு பள்ளிக்கூடத்து ரவா உப்புமாவிலிருந்தும் கல்யாணவீட்டுப் பரோட்டாவிலிருந்தும் அவளை எப்படிக் காப்பது? அம்மா ஒருத்திக்குப் பயம் என்றால் யார் கேட்பார்கள்?

காலையில் தானே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னாள். நர்ஸ் திட்டவில்லை. டாக்டரைக் கேட்டுவிட்டு வந்து, “இன்னிலேர்ந்து குடுத்துடுங்கம்மா” என்றாள். அவ்வளவுதான்.

அடுப்பைப் பற்றவைத்தாள். இரண்டு சப்பாத்தி, கொஞ்சம் உருளைக்கிழங்கு. தட்டை மகள் முன்னால் வைத்தாள்.

“இதைத் தின்னா வயிறு வலிக்குமாம்மா?”

பொய் நாக்குவரை வந்துவிட்டுப் போய்விட்டது.

“வலிக்கும் தங்கம். இன்னும் எட்டு நாளைக்குத்தான்.”

அனிட்டா கொஞ்சம் யோசித்தாள். பிறகு வழக்கம்போலச் சிலுவை போட்டுக் கண்ணை மூடி, ஆண்டவரே இந்த உணவை ஆசீர்வதியும் என்று முணுமுணுத்தாள். ஆமென் சொல்ல அருள்செல்விக்கு வாய் வரவில்லை. குழந்தை ஒரு கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்துக் காத்திருந்தாள். பிறகு தானே ஆமென் சொல்லி, ஒரு துண்டைப் பிய்த்து, முன்பல் கூசும் என்று கடைவாய்க்குத் தள்ளி மெல்ல ஆரம்பித்தாள்.