கரிமூட்டைக்கு அடியில்

பத்து வருஷமாகத் தன் டிராக்டரை ஓட்டும் இருளாண்டியை, முதலாளி ராஜகுரு அன்றைக்குத்தான் முதன்முறையாக வீட்டுக்குள் கூப்பிட்டு இலை போட்டார். "மெதுவாச் சாப்பிடு. கரிமூட்டைய ஆளுக ஏத்திருவாக" என்று கையைப் பிடித்து உட்கார்த்தி, தானே மறுசோறும் வைத்தார்.

பந்தல்குடி மேட்டில் ஏறும்போது டிராக்டரின் முன்சக்கரங்கள் அந்தரத்தில் எழும்பின. மயிரிழையில் தப்பிய இருளாண்டி, டிரெய்லரில் ஏறி மூட்டைகளைப் புரட்டினான். அடியில் முழுக்கப் பச்சைக் கருவேல மரம். ஏழு டன்னாவது இருக்கும். நாலு டன்னுக்கு மேல் வண்டி இழுக்காது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பான்!

போன் போட்டான். "அடியில மரத்த அடுக்கியிருக்கீகளே, நான் செத்திருந்தா?"

"சொன்னா நீ வண்டிய எடுத்திருக்க மாட்டியேப்பா" என்று ராஜகுரு சிரித்தார்.

மரம் ஏற்றி முடியும்வரை தன்னை உட்கார்த்தி வைக்கப் போட்ட சோறா அது! இருளாண்டி சாலையோரம் குனிந்து, தொண்டைக்குள் விரலை விட்டான்.