வெட்கமும் இல்லை, பதட்டமும் இல்லை

கம்பத்துக் கல்யாண மண்டபத்தில், மணமகள் அறைக்குள் இரண்டு சாட்சிகளோடு வந்து நின்ற அப்துல் ஜலீல் மாமா கேட்டார்: "ஷர்மினு, உத்தமபாளையத்து அப்சலுக்கு உன்னைய நிக்காஹ் செஞ்சு குடுக்கச் சம்மதமா ஆத்தா?"

சம்மதம்தான். ஆனால் 'ச' தொண்டையில் அடைத்துக்கொண்டது. தாடை இறுகியது, கண் தானாக மூடியது.

"பிள்ள வெக்கப்படுது. பேசாம இருந்தாலே சரிதான்," என்று மாமா திரும்பினார். எங்கள் வழக்கம் அப்படி. கன்னிப்பெண் வாய் திறக்காவிட்டால் ஒத்துக்கொண்டாள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! நான் வெட்கப்பட்டு யார் பார்த்தது?

"எல்லாரும் தடுமாறத்தான் செய்றாக, உனக்குக் கொஞ்சம் கூடுதல், அம்புட்டுத்தான்," என்று சொல்லியே அம்மா இருபத்தாறு வருஷத்தை ஓட்டிவிட்டாள். பெண் பார்க்க வந்தபோதும் என்னைப் பேச விடவில்லை. பேசும்போது எனக்கு வாய் அடைத்துக்கொள்ளும் என்று அப்சலுக்கு நானே வாட்ஸ்அப்பில் எழுதினேன். "எனக்கும் இன்டர்வியூல தடுமாறும், சகஜம்தான்," என்று சிரிக்கும் பொம்மையோடு பதில் வந்தது. சகஜமாம்! ஊரார் 'வந்து… வந்து…' என்று இழுப்பது அடுத்து என்ன சொல்வதென்று தேடித்தான். எனக்குச் சொல் தெரியும். வாய் வரைக்கும் வந்து நிற்கும், வெளியே வராது. இது திக்குவாய்தான் என்று தேனியில் பேச்சுப் பயிற்சி தரும் ஹேமாவதி மேடம் சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதியே வந்தது.

"நில்லுங்க மாமா. மா… மா… மாப்பிள்ளையக் கூப்பிடுங்க."

அம்மா தலையில் கை வைத்தாள். "மானத்த வாங்காதடி!"

அப்சல் கதவோரம் வந்து நின்றார். அடைத்து, முட்டி, முகம் கோணி, ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு சொல்லி முடித்தேன்: "இ… இ… இது சகஜம் இல்ல. திக்குவாய். சாகுற வரைக்கும் இப்படித்தான் பேசுவேன். கேட்டுக்கிட்டீங்களா? போகணும்னா இப்பவே போயிருங்க."

அவர் முகம் வெளுத்தது. "அது வந்து… நான் என்ன நினைச்சேன்னா… இந்த…" என்று தேடினார். கடைசியில், "தெரியாம எழுதிட்டேன். நீங்க சொல்லுங்க, நான் இங்கனதான் நிக்கிறேன்," என்றார்.

மாமா மறுபடி கேட்டார். 'ச' மறுபடி அடைத்தது.

"சம்மதங்குறா," என்றாள் அம்மா, பொறுக்க முடியாமல்.

கையை உயர்த்தி அவளை நிறுத்தினேன். முதல் எழுத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.